அட்டையில் படுத்திருந்த ஆள்

மருந்துப் பொட்டலத்தோடு கொடுக்கிற அந்த அட்டையில் ஒருத்தன் படுத்துக் கிடப்பான். தலைக்கு மேலே பிறை நிலா, நாலு நட்சத்திரம், பக்கத்தில் ரெண்டு வெள்ளை மாத்திரை. அதற்கு மேல் கட்டத்தில் அதே ஆள் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு போவான். அவன் முதுகுக்குப் பின்னால் சூரியன் பாதி முளைத்திருக்கும், கூடவே மூணு சிவப்பு மாத்திரை. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. படிக்காத ஜனங்களுக்காகக் கடல் தாண்டி எங்கேயோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட படம். எண்ணம் நல்ல எண்ணம்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் எண்பத்தெட்டாம் வருஷம் கள்ளிக்குப்பத்தில் மண்வெட்டி எவன் வீட்டில் இருந்தது, சொல்லுங்கள்! நிலத்தில் தொழிற்பேட்டை என்று எஸ்டேட் வந்து, எஸ்டேட்டில் கம்பெனி வந்து, அம்பத்தூர் ஜனமே சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் படுக்கிற காலம் அது. நாற்று நட்டவன் பிள்ளை லேத் ஓட்டினான். வரப்பில் அண்டை வெட்டினவன் பிள்ளை சுத்தி அடித்தான்.

சின்னப்பையன் சுத்தி அடித்தவன். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து உருவாக்குகிற பட்டறையில் பதிமூணு வருஷம். அந்தச் சத்தத்தில் காது பாதி போயிற்று, பேச்சு முக்கால்வாசி போயிற்று. அந்த வருஷம் சித்திரையில் இருமலில் ரத்தம் வந்தபோதுகூட யாரிடமும் சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தவன். அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாள்தான் கண்டுபிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிற தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டிபி என்றார்கள். ரெண்டு மாசம் வீட்டில் உட்காரவைத்து மருந்து கொடுத்தார்கள். தேறி வேலைக்குப் போனான். இன்னும் ஏழு மாசம் விடாமல் மாத்திரை விழுங்கினால் பிழைத்தான். நடுவில் நின்றால் நோய் திரும்பி வரும், திரும்பி வந்தால் கேட்காது என்று நர்ஸ் ஜெயசீலி அடித்துச் சொல்லியிருந்தாள். அதே மாத்திரையை வெளியே கடையில் வாங்குகிற யோக்கியதை கள்ளிக்குப்பத்தில் ஒருத்தருக்கும் கிடையாது.

மூணு வாரத்துக்கு ஒரு பொட்டலம், வியாழக்கிழமை. பழைய பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புதுசு.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை ஜெயசீலி பொட்டலத்தைத் தட்டில் கொட்டினாள். வெள்ளை மாத்திரை மட்டும் உருண்டு வந்தது. எண்ணினாள். பன்னெண்டு. அவன் வேலைக்குப் போன பிறகு முதல்முறையாகக் கூட வந்திருந்த வேம்புலி எட்டிப் பார்த்தாள்.

மேற்பார்வை பார்க்கிற சண்முகசுந்தரம் ரிஜிஸ்டரோடு வந்தார். மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்க்காமல் அதற்கு மேலாகப் பார்க்கிற மனுஷர்.

"போன தடவை பன்னெண்டு. அதுக்கு முந்தின தடவையும் பன்னெண்டு. என்னப்பா, விளையாடறியா? உனக்குன்னு கப்பல்ல மருந்து வருது, நீ கொண்டுபோய் குப்பையில போடறே."

"குப்பைல எங்க சார் போட்டேன்? தோ, எட்தாந்து குட்த்துட்டேனே," என்றான் சின்னப்பையன்.

"ஏன் சாப்பிடலே?"

"படத்துல கீற மாதிரிதான் சார் துன்னேன்."

"படத்துல ராத்திரி சாப்பிடாதேன்னா போட்டிருக்கு? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்குப்பா."

சின்னப்பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவனுக்கு ரெண்டு வாக்கியம் பேசினாலே நாள் முழுக்கச் சுத்தி அடித்த களைப்பு. சண்முகசுந்தரம் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார்: 'மருந்து உண்ணும் முறை எனக்குத் தெளிவாக விளக்கப்பட்டது. நான் வேண்டுமென்றே உண்ணவில்லை. இனி ஒரு மாத்திரை மீந்தாலும் என் பெயரை நீக்கச் சம்மதிக்கிறேன்.'

"இப்ப ஒரு வாரத்துக்கு மட்டும் தரேன். அடுத்த வியாழக்கிழமை அந்தப் படத்தைப் போட்ட வெளிநாட்டு அம்மாவே வராங்க. அதுக்குள்ள இதுல கையெழுத்து போட்டு எடுத்துட்டு வா. இல்லேன்னா பேரை அடிச்சுடுவேன். என்னை மீறி ஒண்ணும் நடக்காது."

வேம்புலி முன்னால் கிளம்பினாள். முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்து, அவன் ரெண்டு மணி டூட்டிக்குப் போகுமுன் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு எதிரே குந்தினாள். அப்புறம் பிடித்தாள் ஒரு பிடி.

"ஏன்யா, என் தல மேல அடிச்சி சொல்லு. வெள்ள மாத்திரைய எதுக்கு மீத்தின?"

"மீத்தினனா? படத்துல ஆளு படுத்துகினு கீறான். படுக்க சொல்ல துன்னுன்னு அர்த்தம். ராத்திரி டூட்டில நான் எங்கமே படுத்தேன்? வுடிய வுடிய சுத்தில்ல அடிச்சிகினு இருந்தேன்."

"காலீல ஊட்டுக்கு வந்து படுத்தியே!"

"அப்ப நெலா ஏது? சூரியன் சுள்ளுனு கீது. சூரியன் வந்தா செவப்பு. செவப்ப துன்னுட்டுதான் படுத்தேன்."

வேம்புலிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது, திட்டலாம் என்று வாயெடுத்தால் எந்த இடத்தில் திட்டுவது என்று தெரியவில்லை. மூணு வாரத்தில் ஒரு வாரம் ராத்திரி டூட்டி, ஞாயிற்றுக்கிழமை தவிர ஆறு ராத்திரி. ராத்திரிக்கு ரெண்டு. பன்னெண்டு. மனுஷன் படத்தை எழுத்துக்கு எழுத்து மதித்திருக்கிறான்!

"யாரனா ஒருத்தர கேக்கறதுக்கு இன்னா?"

"கேட்டேனே. மாத்திர கட்றாரே அவராண்ட. 'படத்துல எப்படி இருக்கோ அப்படி செய்யி, கேள்வி கேக்காத'ன்னாரு. செஞ்சேன்." குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னான். "வுடு வேம்பு. கையெழுத்த போட்டு வாங்கிக்கலாம். மதுரைவீரன் கூட போட்டான்."

மதுரைவீரன் முத்தாபுதுப்பேட்டைக்காரன், சின்னப்பையனுக்குக் கூட்டாளி. அவன்தான் இந்த ஆஸ்பத்திரியையே காட்டிக் கொடுத்தவன். அவனுக்கும் மாத்திரை மீந்தது. அவனும் இதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். மறுபடி மீந்தது, பெயரை அடித்தார்கள். ஆடி மாசம் போய்ச் சேர்ந்துவிட்டான். குடிகாரன், மருந்தை ஒழுங்காகத் தின்னவில்லை, செத்தான் என்று ஊரே சொன்னது. வேம்புலியும் சேர்ந்துதான் சொன்னாள்.

"அவனுக்கு இன்னாய்யா வேல?" என்று கேட்டாள்.

"வாட்ச்மேன். குடோனுக்கு."

"பகலா, ராவா?"

"தெனமும் ராத்..." என்று ஆரம்பித்தவன் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டான்.

அவள் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டாள். பாவி, செத்தவன் மேல் எத்தனை மண்ணை வாரிப் போட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

"நான் செத்தாலும் அந்த பேப்பர்ல நீ கைய வெக்கக்கூடாது," என்றாள் திரும்பி வந்து. "இன்னொரு மாத்திர எங்கனா உருண்டு போச்சின்னா உன் பேர அடிச்சிட்டு பூடுவான். நாம்பளே எழுதிக் குட்த்தா மாதிரி ஆவும்."

"அப்ப இன்னா பண்றது?"

"தெரியல. நீ கெளம்பு, சங்கு ஊதிடுவான்."

வேம்புலிக்கு எஸ்டேட் பஸ் ஸ்டாப் பக்கத்தில் நாஷ்டா கடை. கடை என்றால் நாலு கழி, ஒரு தார்ப்பாய், ரெண்டு அடுப்பு. விடிகாலை அஞ்சுக்கே இட்லிப் பானையில் ஆவி பறக்கும். ஆறு மணிக்கு உள்ளே போகிறவன் இட்லியும் வடகறியும் கேட்பான். அதே ஆறு மணிக்கு ராத்திரி டூட்டி முடித்து வெளியே வருகிறவன் இட்லியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவனுக்குச் சோறும் குழம்பும் வேண்டும், துன்னுட்டுப் படுக்க வேண்டும். ஒரே பெஞ்சில் ஒருத்தனுக்குக் காலை, பக்கத்திலிருப்பவனுக்கு ராத்திரி. ஒன்பது வருஷமாக இப்படித்தான் பரிமாறுகிறாள். அதை ஒரு விஷயமாக அவள் நினைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை பொத்துக்கொண்டு ஊற்றியது. ஈர விறகு புகைந்து கண்ணைப் பிடுங்கியது. அந்தப் புகைக்குள் அய்யாசாமி வந்து குந்தினான். ராத்திரி டூட்டி முடித்த முகம். இவனை அவள் வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். அங்கே பார்த்தால் இவன் சுவரைப் பார்ப்பான், அவளும் சுவரைப் பார்ப்பாள். இங்கே பார்த்தால் ரெண்டு பேரும் அங்கே பார்க்காத மாதிரி. டிபி என்றால் அப்படித்தான். தெரிந்தால் பட்டறையில் பக்கத்தில் நிற்க மாட்டான், தண்ணீர் டம்ளரைத் தொட மாட்டான், பெண்ணுக்கு வரன் வராது.

சோற்றைப் போட்டுக்கொண்டே குனிந்து மெல்லக் கேட்டாள். "அண்ணாத்தே, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. உனுக்கு வெள்ள மாத்திர மீறுதா?"

அய்யாசாமி துள்ளி எழுந்தான். "இன்னா மாத்திர? யாரப் பாத்து இன்னா கேக்கற நீ? எனுக்கு எதுக்கு மாத்திர? காலங்காத்தால பேஜார் பண்ணாத, ஆமா!"

பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் திரும்பினார்கள். வேம்புலி கரண்டியைக் கீழே வைத்தாள். பேச்சை அதோடு விட்டிருக்கலாம். தமாஷ் பண்ணேன் அண்ணாத்தே என்று சிரித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கடை பிழைத்திருக்கும். ஆனால் இவனும் தெரியாமல் சாகிறானே, இவனும் அந்த மண்வெட்டிக்காரனைப் பார்த்துத்தானே மாத்திரை தின்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கூட்டுக்காரருக்கு டிபி!" என்று கத்திச் சொன்னாள். "இன்னா பாக்கறீங்க? டிபிதான். மருந்து துன்றாரு, தேறிகினு வர்றாரு. அந்தப் படத்துல ராத்திரி டூட்டிக்காரனுக்கு எடமே இல்ல. அதப் பாத்து துன்னவன் ஊட்ல எல்லாம் வெள்ள மாத்திர மீறும். மீந்துதுன்னா எங்கிட்ட கொண்டாந்து குடுங்க. பேரக் கேக்க மாட்டேன். மதுரைவீரன் குடிச்சி சாகல, கேட்டுக்கோங்க, அந்தப் படத்தால செத்தான்!"

ஒருத்தன் கடித்த இட்லியைத் துப்பினான். ஒருத்தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு மழையில் இறங்கினான். கண் மூடித் திறப்பதற்குள் பெஞ்சு காலி. ஏழு மணிக்குத் தீர்ந்துபோகிற இட்லி பத்து மணிக்கும் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. சனிக்கிழமையும் அப்படியே. எதிர்ப்பக்கம் ஆப்பக்காரி கடையில் கும்பல் நெரிந்தது.

"தவள தன் வாயால கெட்ட மாதிரி கெட்டியேமே," என்றான் சின்னப்பையன்.

"கெட்டா கெட்டுட்டு போறேன். கட போனா சித்தாளு வேலைக்கி போவேன். நீ போனா எங்க போவேன்?" என்றாள். சொல்லிவிட்டு அழுகை வந்து, அடுப்பைக் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோணிச் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஒருத்தி வந்தாள். அய்யாசாமி பெண்டாட்டி லோகநாயகி. மடியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தாள்.

"யக்கா, அந்தாளு சொம்மா சவுண்டு வுட்டுது. தோ, எண்ணிக்கோ. அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சி வெச்சிகினு, காலிப் பொட்டலத்த காட்டி காட்டி வாங்கிகினு வருது."

எண்ணினார்கள். இருபத்துநாலு. ரெண்டு பொட்டலத்து மிச்சம். ரெண்டு பன்னெண்டு.

அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். புருஷன்கள் ஒருத்தனும் வரவில்லை, எல்லாம் பெண்டாட்டிமார்தான். ராயப்பன் சம்சாரம் செலின் கோயிலுக்குப் போகிற முக்காட்டோடு வந்து முப்பத்தாறு மாத்திரையைக் கொட்டினாள். புதன்கிழமைக்குள் ஏழு வீட்டு மாத்திரை சேர்ந்தது. மதுரைவீரனுக்கு அப்புறம் மீந்ததை நேர்மையாகக் கொண்டுபோய்க் காட்டியவன் சின்னப்பையன் ஒருத்தன்தான். அவனுக்குத்தான் பொய்யன் பட்டம்! என்ன நியாயம் பாருங்கள்.

திங்கள் முதல் அவனுக்கு ராத்திரி டூட்டி. காலையில் வந்து சோறு தின்றதும் வேம்புலி தன் கையால் ரெண்டு வெள்ளை மாத்திரையை அவன் வாயில் போட்டாள். நிலா இல்லையே என்றான். நிலாவ அடுப்புல போடு என்றாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கோலம் போட்டிருந்தது. சண்முகசுந்தரம் காலையிலேயே வரிசையில் நின்றவர்களுக்குப் பாடம் நடத்தினார். "படத்தைக் காட்டிக் கேப்பாங்க. நிலான்னா ராத்திரி ரெண்டு மாத்திரை. சூரியன்னா காலையில மூணு. வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது. நல்ல பேர் கிடைச்சா இந்த அட்டையை எல்லா ஊருக்கும் அச்சடிக்கப் போறாங்க."

வெள்ளைக்கார அம்மா பேர் இங்கிரிட். நீளமான கதர் ஜிப்பா, சேறு அப்பிய செருப்பு, சிரித்த முகம். நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பெஞ்சில் குந்தினாள். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு அட்டையைக் காட்ட, ஜெயசீலி மொழிபெயர்த்தாள். பகலில் அப்பளம் இடுகிற முனியம்மா சொன்னாள், நெலான்னா ராத்திரி ரெண்டு. அய்யாசாமி சொன்னான், நெலான்னா ராத்திரி ரெண்டு. ராயப்பனும் சொன்னான். அந்த அம்மா சந்தோஷமாக எழுதிக்கொண்டே வந்தாள்.

சின்னப்பையன் ராத்திரி முழுக்க அடித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முறைக்கு வேம்புலி போய் நின்றாள்.

"இந்தப் படத்துல என்ன தெரியுதுன்னு கேக்கறாங்க," என்றாள் ஜெயசீலி.

"ஒருத்தன் படுத்துகினு கீறான்."

"அவன் யாரு?"

"யாருக்குத் தெரியும்? எங்கூட்டுக்காரரு இல்ல. எங்கூட்டுக்காரரு தோ, அங்க தூங்குறாரு, மணி பத்தாவுது. நெலா வந்தா இவரு படுக்கமாட்டாரு, வேலைக்கி பூடுவாரு."

சண்முகசுந்தரம் பாய்ந்து வந்தார். "சிஸ்டர், அதெல்லாம் சொல்ல வேண்டாம். இது ஒரு பிரச்சனையான கேஸ்."

ஜெயசீலி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மூணு வருஷமாக அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள், முகம் சிவந்துபோயிற்று. பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

வேம்புலி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஏழு சிறு பொட்டலங்களை மேசையில் வரிசையாக வைத்தாள். "எண்ணச் சொல்லுங்க சிஸ்டரம்மா. இதுல பன்னெண்டு. இதுல இருபத்துநாலு. இதுல முப்பத்தாறு. எல்லாம் வெள்ள. செவப்பு ஒண்ணு கீதா பாருங்க. பொய் சொல்றவன் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லுவான். ஏழு ஊட்லயும் பன்னெண்டு பன்னெண்டா எப்டி வரும்? தோ முனியம்மா கீறா, அவுளுக்கு ராத்திரி வேல கெடையாது. அவ பொட்டலத்துல ஒண்ணு மீறுதா கேளுங்க."

"மீறாது," என்றாள் முனியம்மா.

"யார் யாரோடது இதெல்லாம்? பேரைச் சொல்லு!" என்றார் சண்முகசுந்தரம். பேனாவைத் திறந்துவிட்டார்.

"பேரு சொல்லமாட்டேன். நீ அடிக்கறதுக்கா?"

 அய்யாசாமியும் ராயப்பனும் சுவரில் புதுச் சுண்ணாம்பு எப்படிப் பிடித்திருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். லோகநாயகி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "அந்த ரெண்டாவது என்னுது. எங்கூட்டுக்காரரு பேரு அய்யாசாமி. எழுதிக்கோ சார்." செலினும் எழுந்தாள். "அந்த முப்பத்தாறு எங்களோடது."

இங்கிரிட் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தி எண்ணினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. அட்டையை எடுத்துத் தன் படத்தைத் தானே முதல்முறை பார்க்கிற மாதிரி பார்த்தாள். என்னவோ கேட்டாள்.

"அப்ப என்ன படம் போடணும்னு உங்களைக் கேக்கறாங்க," என்றாள் ஜெயசீலி.

"நெலாவும் வோணாம், சூரியனும் வோணாம். மழைக்காலத்துல ரெண்டும் எங்க தெரியுது? சோத்துத் தட்ட போடச் சொல்லுங்க. எந்த டூட்டிக்காரனும் எந்திரிச்சி துன்னுவான், துன்னுட்டு படுப்பான். எந்திரிச்சி துன்றதுக்கு முன்ன செவப்பு. படுக்கறதுக்கு முன்ன துன்றானே, அதுக்கப்பால வெள்ள. மண்வெட்டிய எட்த்துடச் சொல்லுங்க, அத எவனும் இப்ப தொடறதில்ல. சரியா சிஸ்டரம்மா, மருந்து கெட்டுப் பூடாதே?"

"கெட்டுப்போகாது. நடுவுல ஏழெட்டு மணி நேரம் இருந்தா போதும்," என்றாள் ஜெயசீலி. அதையும் மொழிபெயர்த்தாள். இங்கிரிட் அவசர அவசரமாக எழுதிக்கொண்டாள். தலையை ஆட்டி ஆட்டி எழுதினாள்.

சண்முகசுந்தரத்துக்கு மூச்சு வந்தது. கெட்டிக்காரர். குரலை இறக்கி, சிரித்துக்கொண்டே காகிதத்தை வேம்புலி பக்கம் நகர்த்தினார். "சரிம்மா, நல்ல யோசனை சொன்னே. ஆபீசுக்கு ஒரு வழக்கம் இருக்கு இல்ல? இதுல மட்டும் ஒரு கையெழுத்து போட்டுட்டு மாத்திரையை வாங்கிட்டுப் போ."

அவ்வளவுதான். அதுவரைக்கும் அடக்கிவைத்திருந்தது அத்தனையும் வெடித்தது.

"இன்னும் இந்த பேப்பரா? வெளக்கிச் சொன்னாங்க, நான்தான் வேணும்னே துன்னல, அதான இதுல கீது? என்னத்த வெளக்குன? யாருக்கு வெளக்குன? மதுரைவீரன் இதுல கையெழுத்து போட்டான். வாட்ச்மேன் அவன். நெலா இருக்க சொல்ல ஒரு நாளு படுத்தவன் இல்ல. உன் படத்த நம்பி ஒரு வெள்ள மாத்திர துன்னாம இருந்தான், நீ அவன் பேர அடிச்ச. ரெண்டு புள்ளைங்கள வுட்டுட்டு செத்தான். செத்ததும் அவன் தப்பு. இவரு செத்தா இவரு தப்பு. ஏன், எங்க தப்பாவே எல்லாம் இருக்கணுமா? தப்புன்னு யாராவது எழுதித் தரணும்னா, இந்தப் படத்தப் போட்டவங்க எழுதித் தரட்டும். தமிழ்ல கீற அதே பேப்பர்ல போடட்டும். சொல்லு சிஸ்டரம்மா, ஒண்ணு வுடாம சொல்லு!"

தூங்கிக்கொண்டிருந்த சின்னப்பையன் விழித்துக்கொண்டு, "இன்னாமே ஆச்சி?" என்றான். 

ஜெயசீலி சொன்னாள். மதுரைவீரன் என்ற பேரை மட்டும் ரெண்டு தடவை சொன்னாள். அவன் கை பிடித்து ஊசி போட்டவள் அவள்தான். இங்கிரிட் அந்தக் காகிதத்தை வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகக் கேட்டாள்.  கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சண்முகசுந்தரத்தின் கையில் திறந்திருந்த பேனாவை வாங்கினாள்.

"மேடம், மேடம், அது நோயாளி கையெழுத்துப் போடற இடம்..."

அந்த இடத்திலேயே போட்டாள். தன் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள். கீழே தேதி போட்டாள். காகிதத்தைத் திருப்பி வேம்புலி முன்னால் வைத்து, ரெண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, திட்டு வாங்கக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வேம்புலி அதைத் தொடவில்லை. அந்த அம்மா முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சண்முகசுந்தரத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"கையெழுத்துதான் வந்துடுச்சே சார். மாத்திரைய எடு. அவரு இன்னிக்கி ராத்திரி டூட்டி."